இரண்டு தோட்டாக்களுக்கு நடுவில்

உன் எண்ணெய் டப்பாவை இன்று காலை திறக்க வேண்டியதாயிற்று. திறக்கக் கூடாது என்றுதான் தையல் மிஷினின் இழுப்பறையில், பழைய நாடாச் சுருளுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். நாளைக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேசைக்கு வெள்ளை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் மடித்து அடிக்கும்போது ஊசி இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டது. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் உன் டப்பாவின் மூடியைத் திருகினேன்.

அந்த வாசனை அடுக்களை வரைக்கும் போயிற்று. மண்ணெண்ணெயும் பழைய இரும்பும் ஏதோ கொழுப்பும் கலந்த வாசனை. நீ பஸ்ராவிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி எண்ணெய். "ரெண்டு சொட்டுக்கு மேல விடாதிய மதினி, இது குடிகாரன் மாதிரி, ஊத்த ஊத்தக் கேக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாய். இரண்டு சொட்டுதான் விட்டேன். மிஷின் ஓடிவிட்டது. என்னால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து தொட்டியில் தண்ணீர் பார்த்தேன், நிறைய இருந்தது. அரிசியைக் களைந்தேன், ஏற்கெனவே களைந்ததுதான். வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு நான் கார்டுக்கு மேல் எழுதியதில்லை. கார்டில் அடங்காதது இது.

தம்பி, நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீ பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் கடிகாரமும் தையல் மிஷினும் பழுது பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்கோ அப்போது எழுத்து கூட்டத்தான் தெரியும். கோயிலில் காதால் கேட்டு மனப்பாடமான பாட்டுகளைப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடித் தேடி, இந்தச் சத்தத்துக்கு இந்த எழுத்து என்று நானாகவே கண்டுபிடித்தவள். விரலை எடுத்தால் வரி தொலைந்துவிடும். நீ அதைப் பார்த்துவிட்டு, "எண்ணே, மதினி வாசிக்கவா செய்யுதாக? போலீஸ்காரன் கள்ளனத் தேடுத மாதிரில்லா எழுத்தத் தேடுதாக" என்றாய். உன் அண்ணன் சிரித்தார். நான் இரண்டு நாள் உனக்குக் குழம்பில் கருவாடு போடவில்லை. மூன்றாம் நாள் நீ இரண்டு உடைந்த மிஷின்களைப் பிரித்து, ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றின் உடம்பில் மாட்டி, எனக்கென்று ஒரு மிஷின் கொண்டுவந்து வைத்தாய்.

எழுதத் தெரிந்த பிறகு நான் எழுதாத விஷயம் இல்லை. உப்பு தீர்ந்த நாள், ஆற்றில் வெள்ளம் படித்துறையைத் தொட்ட நாள், பசுவுக்குச் சினை பிடித்த நாள், எல்லாம் என் நோட்டில் இருக்கும். அதனால்தான் உன் சங்கதியும் ஒன்று விடாமல் இருக்கிறது.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, இரும்பு வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஆள் சேர்த்தார்கள். நீ பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாய். உன் அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நீ என்னிடம், "நான் யாரையும் சுடப் போகல மதினி. கெட்டுப்போன துப்பாக்கியச் சரி பண்ணணும், அம்புட்டுத்தான். மிஷினு ரிப்பேரு" என்றாய். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஜெபத்திலும் அப்படித்தான் சொன்னேன்: ஆண்டவரே, அவன் மிஷின் ரிப்பேருக்குத்தான் போயிருக்கிறான். ஆண்டவருக்குத் தெரியாதது போல.

உன் கார்டுகளில் பாதி வரிகளைத் தணிக்கைக்காரன் கறுப்பு மையால் அடித்திருப்பான். எங்கே இருக்கிறாய், என்ன பழுது பார்க்கிறாய் என்று ஒன்றும் தெரியாது. ஒரு கோடையில் வந்த கார்டில் மட்டும் ஒரு வரிகூட அடிபடவில்லை. "மதினி, இங்கே புழுதி கோதுமை மாவைப் போல் இருக்கிறது. உங்கள் தையல் மிஷினில் பஞ்சுத் தூசி ஒட்டிச் சிக்கிக்கொள்ளும்போது என்ன செய்வீர்கள்? இங்கே பத்து மிஷின் அப்படி நிற்கிறது. உடனே எழுதவும்."

ஆடிக்காற்றில் நம் வீட்டுக்குள் பஞ்சு பறந்து வரும் நாட்களில் நானாகப் பட்டுத் தெரிந்துகொண்ட வழி ஒன்று இருந்தது. யாரும் சொல்லித் தந்ததல்ல, அதனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றைக்கே பதில் எழுதினேன். எண்ணெய்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவு, பழைய மல் துணியால் ஈரமில்லாமல் துடை, எண்ணெய் விடாதே. பென்சில் கரியைப் பொடித்து, உரசுகிற இடங்களில் விரலால் தேய். வேலை முடிந்த பிறகு எண்ணெய் விட்டுக்கொள்ளலாம். இவ்வளவுதான். தணிக்கைக்காரன் இதிலும் கை வைத்திருக்க மாட்டான். ஒரு பொம்பளை தையல் மிஷினைப் பற்றி எழுதியதில் அடிக்க என்ன இருக்கிறது?

சண்டை முடிந்து, தை மாதம் நீ வந்தாய். கறுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் அதே வாய். மறுநாள் மத்தியானம் உன் அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நீ அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, தரையில் அடுப்புக்கரியால் ஒவ்வொரு துப்பாக்கியாக வரைந்து காட்டினாய். நான் நோட்டை எடுத்தேன்.

"இதையும் எழுதணுமாக்கும்? பட்டாளத்துக்கு ஆள் சேக்கப் போறியளா மதினி?"

"நீ சொல்லு. எழுதாட்டா எனக்கு மண்டையில நிக்காது."

கோடு போட்டு எழுதினேன். எடை, தோட்டா, எத்தனை ஆள். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது.

முதலில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. நம் ஊர் ஆயுதப் போலீஸ்காரர்கள் தோளில் கண்டது. ஒன்று போட வேண்டும், சுட வேண்டும், வெற்றுக் கூட்டைத் தள்ள வேண்டும், அடுத்தது போட வேண்டும். "கையால தைக்குத மாதிரி. ஒவ்வொரு தையலுக்கும் நூல் கோத்தா எப்படியிருக்கும், அப்படி" என்றாய். அடுத்தது பட்டாளத்துச் சிப்பாய்களுடையது. ஒன்பது ராத்தல், வயிற்றில் பத்துத் தோட்டா, கதவுத் தாழ்ப்பாளைப் போல் ஒன்றைக் கையால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்.

மூன்றாவது, தண்ணீர்த் துப்பாக்கி என்று நான் பெயர் வைத்தது. குழலைச் சுற்றி ஒரு உறை, அதற்குள் இரண்டரைப் படித் தண்ணீர். துணிக் கச்சையில் வரிசையாக இருநூற்றைம்பது தோட்டா. ஒன்று வெடிக்கிற உதைப்பே அடுத்ததை இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் சுட்டால் உள்ளே தண்ணீர் சோற்றுப்பானை போலக் கொதிக்கும். தூக்க ஒரு ஆள், அதன் முக்காலியைத் தூக்க ஒரு ஆள், தோட்டாவும் தண்ணீரும் சுமக்க வேறு ஆட்கள். "நாக்கு வறண்டு கெடக்கோம், அதுக்கு முதல்ல தண்ணி. அந்த மவராசி குடிச்சாத்தான் எங்களுக்கு" என்றாய்.

நாலாவது, தட்டுத் துப்பாக்கி. தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். மேலே தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தட்டு, அதில் நாற்பத்தேழு தோட்டா. இருபத்தெட்டு ராத்தல். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் அந்தத் தட்டுக்கு அடிப்பக்கம் மூடி கிடையாது. புழுதியெல்லாம் அதற்குள் போகும்.

ஐந்தாவதை நீ வரையவில்லை. கரியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் நீளம் காட்டினாய். நீ திரும்பி வரும் வழியில் பம்பாயில், பிரான்ஸ் பக்கம் சண்டையிட்டு வந்த ஒரு துரை அதை ஞாபகப்பொருளாகக் கொண்டுவந்திருந்தாராம். துடைத்துத் தரச் சொல்லி உன் கையில் கொடுத்தார். ஜெர்மன்காரன் கடைசி வருஷம் செய்தது. கைத்துப்பாக்கிக்குப் போடுகிற குட்டித் தோட்டா, நத்தை போலச் சுருண்ட ஒரு பெட்டிக்குள் முப்பத்திரண்டு. வயல் தாண்டிச் சுட ஆகாது. பதுங்கு குழிக்குள் குதித்து, முகத்துக்கு முகம் நின்று சுடத்தான். இதற்கு முன்பே இத்தாலிக்காரன் இரட்டைக் குழலாக ஒன்று செய்தானாம், ஆகாய விமானத்தில் வைத்துச் சுட. கையில் என்ன வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, பெரிய துப்பாக்கியின் வேலைக்கே அதை வைத்துப் பார்த்தான். ஜெர்மன்காரன்தான் ஒற்றைக் குழலாக்கி, மரக்கட்டை மாட்டி, ஒரு ஆள் கையில் கொடுத்தான்.

"பிரிச்சு வச்சா பாதி மேசை காலி மதினி. ஒரு குழலு, கனமா ஒரு இரும்பு, ஒரு சுருள்வில்லு. உங்க தையல் மிஷின்ல இதவிடச் சாமான் சாஸ்தி. எனக்குப் பயமாயிட்டு."

"சின்னதாத்தானய்யா இருக்கு, அதுக்கு என்ன பயம்?"

"சின்னதா இருக்கததான் சொல்லுதேன். அந்தத் தண்ணித் துப்பாக்கியச் செய்ய ஒரு ராஜ்யம் வேணும். இத நம்ம பேட்டைப் பட்டறையில நாலு பேரு உக்காந்து செஞ்சிருவானுவ. இனிமே எல்லாரும் இதத்தான் செய்யப் போறான்."

நான் இன்னொரு கோடு கிழித்தேன். மேலே 'இடைவெளி' என்று எழுதினேன்.

"இது என்னது?"

"ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு சொல்லு."

"அது எதுக்கு?"

"மனசு மாறுததுக்கு."

நீ என்னைப் பார்த்தாய். கேலி பண்ணுவாய் என்று நினைத்தேன். நீ எழுந்து அடுக்களைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாய். "நீங்க ஜெபம் சொல்லுங்க, நான் இழுக்கேன்" என்றாய். ஒற்றைத் தோட்டாவுக்கு நீ பைய நடித்துக் காட்டி முடிப்பதற்குள் பரமண்டல ஜெபத்தில் முதல் வரியை முடித்துவிட்டேன். பத்துத் தோட்டாத் துப்பாக்கிக்குத் தாழ்ப்பாள் போய் வந்த நேரத்தில் ஒரு 'ஆண்டவரே' சொல்ல முடிந்தது. மற்ற மூன்றுக்கும் நான் வாயைத் திறப்பதற்குள் நீ தலையை ஆட்டிவிட்டாய். மூன்று கட்டத்திலும் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

"தட்டுத் துப்பாக்கிக்குத் தட்டு மாத்தணும்லா, அப்பக் கொஞ்சம் கெடைக்கும்" என்றாய்.

"சிக்கிக்கிட்டா?"

"சிக்கிக்கிட்டா நெறைய நேரம் கெடைக்கும் மதினி" என்று சிரித்துக்கொண்டே சொன்ன நீ, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாய். தாழ்ப்பாளை விட்ட கை அப்படியே தொங்கியது. பிறகு தரையில் வந்து உட்கார்ந்து, மொச்சைத் தோலைக் கிள்ளிக்கொண்டே சொன்னாய்.

அந்தப் பத்தும் தையல் மிஷின் இல்லை. பத்தும் தட்டுத் துப்பாக்கி. உண்மையை எழுதினால் தணிக்கைக்காரன் அடித்துவிடுவான் என்று அப்படிக் கேட்டாய். நான் எழுதியபடியே கழுவித் துடைத்து, பென்சில் கரி தேய்த்துக் கொடுத்தாய். ஒரு காலை, வாய்க்கால் கரையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. மறுநாள் துப்பாக்கிகளைப் பார்வையிட உன்னை அங்கே கூட்டிப்போனார்கள். கரை ஓரம் விழுந்து கிடந்த எதிராளிகளில் ஒருவனுடைய சட்டைத் தோளில் ஒட்டுப் போட்டிருந்தது.

"அவனே தச்சிருப்பான் போல. பையில ஊசியும் நூலும் சுருட்டி வச்சிருந்தான். நல்ல தையலு மதினி. ஒரே சீரா இருந்துச்சு. உங்க தையலு மாதிரி."

அப்போதுதான் அழுதாய். வயசுப் பையன் அழுவதைப் போல இல்லை, குனிந்து, சத்தம் வராமல். "சாமி கும்பிடுத கைய, உங்களுக்குத் தெரியாமலே இதுல இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சிருங்க மதினி" என்றாய்.

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "நான் மிஷினுக்குன்னுல்லா நெனச்சேன். போட்டும் தம்பி, விடு" என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வாரிக்கொண்டு போன அந்த விஷக்காய்ச்சல், வெள்ளாளன் வீடு, நம் வீடு என்று பார்க்கவில்லை. உனக்குப் பேசத் தெம்பிருந்தபோது உன் அண்ணனிடம், "மதினிகிட்ட ஒரு தப்புப் பண்ணியிருந்தேன், சொல்லிட்டேன், மன்னிச்சிட்டாக" என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டதிலிருந்து ஆறாம் நாள் காலையில் போய்விட்டாய்.

இனி எழுதப் போவதற்குத்தான் இத்தனையும் சுற்றி வந்தேன்.

எனக்குத் தெரியும் தம்பி. அந்தக் கார்டு வந்த அன்றைக்கே தெரியும். 'பத்து' என்ற எழுத்தின் மேல் விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். துப்பாக்கி பழுது பார்க்கப் போனவனிடம் பத்துத் தையல் மிஷின் எங்கிருந்து வரும்? சிக்கினால் உடனே எழுதவும் என்று கேட்கிற அளவுக்கு எந்தத் தையல்காரனுக்கு அவசரம்? விளங்கிக்கொண்டுதான் பென்சிலை எடுத்தேன். இவை சிக்கினால் எதிராளி நீ இருக்கும் இடத்துக்கு வந்துவிடுவான் என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது. நீ உயிரோடு திரும்ப வேண்டும் என்று எழுதினேன். அதைப் பாவம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. மறுபடி அப்படியொரு கார்டு வந்தாலும் அதையே எழுதுவேனோ என்னவோ. அதை ஆண்டவரிடம் விட்டிருக்கிறேன், அவர் என்னோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்தத் தலையாட்டல் அவரிடம் விடக்கூடியதல்ல. நீ எனக்காகவும் சேர்த்து அழுதாய், நான் மொச்சை உரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். பாதிச் சுமை என்னுடையது என்று சொல்லியிருந்தால் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். என்னைத் தெய்வம் மாதிரி நீ பார்த்த பார்வை போய்விடும் என்று பயந்துதான் சொல்லவில்லை. அதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உன் அண்ணன் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறார். வெறும் மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு, "என் தம்பி கணக்கு வழக்கு ஒண்ணும் பாக்கி வைக்காம, மதினிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான்" என்பார். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துக் கைகூப்புவார்கள்.

திருவிருந்துக்கு முந்தின நாள் உபதேசியார் வீடு வீடாக வந்து பெயர் எழுதுவாரே, மனத்தாங்கல் உள்ளவர்கள் தீர்த்துக்கொண்டு பெயர் கொடுக்க வேண்டும் என்று. ஏழு மாதமாக நான் கொடுக்கவில்லை. தலைவலி என்றேன், வீட்டில் விருந்தாள் என்றேன். இன்று காலை எண்ணெய் வாசனையோடு நான் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தபோது அவர் குடையை மடக்கி வாசலில் ஊன்றினார்.

"வாத்தியாரம்மா, நாளைக்குப் பேரு எழுதட்டா?"

"அடுத்த மாசம் பாப்போம் ஐயா."

"மேசைக்கு விரிப்பு தைக்குதிய, மேசைக்கு வர மாட்டேங்கிய. சமையக்காரி பட்டினி கெடந்த கதையால்லா இருக்கு. யாரு மேல மனத்தாங்கல்?"

உன் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். "இவளுக்கா? இவ யாரையும் மனசுல வைக்க மாட்டா. என் தம்பி சாகும்போது..." என்று தொடங்கினார். முழுவதும் சொல்லி முடித்தார். உபதேசியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "சாயங்காலம் இந்தப் பக்கமா வருவேன், யோசிச்சு வைங்க" என்று போனார்.

நான் உன் அண்ணனை உட்காரச் சொன்னேன். கார்டு, பத்து, பென்சில், வாய்க்கால் கரை, மொச்சை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்பது போலக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒனக்கு முன்னமே தெரியும்னா, அப்பம் அவன் எதுக்கு அழுதான்?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. தட்டில் மூடி வைத்தது அப்படியே இருக்கிறது. பத்துத் தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.

இந்த மடலை எழுதும் பென்சில் அன்று உனக்குப் பதில் எழுதிய அதே பென்சில்தான். என் மிஷினுக்குப் பொடித்தது போக ஒரு விரற்கடை மிச்சம். இதைத் தீர்க்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை, மிஷின் இழுப்பறையில் உன் டப்பாவோடு கிடந்தது. இப்போது நோட்டில் அந்தப் பக்கத்தின் கடைசியில், ஐந்தாவது துப்பாக்கிக்குக் கீழே, ஒரு கோடு சேர்த்திருக்கிறேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். எடை: அரைப் பென்சில். எத்தனை ஆள்: ஒருத்தி. இடைவெளி என்ற கட்டத்தில்தான் கை நின்றது. மற்ற துப்பாக்கிகளுக்கு ஒரு வரி ஜெபம், ஒரு 'ஆண்டவரே', ஒன்றுமில்லை. என்னுடையது எல்லாவற்றிலும் நீளம். நீ கேட்டதற்கும் போனதற்கும் நடுவில் எனக்குக் கிடைத்தது, எழுதிவிட்டேன்: ஆறு நாள்.

உபதேசியார் குடை ஊன்றும் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. இரண்டு பேர் நடக்கிற சத்தம். அவரோடு உன் அண்ணன் வருகிறாரா என்று பார்க்க எழுந்திருக்கிறேன்.